தேன்கனிக்கோட்டைக் காட்டில் ஒரு வின்செஸ்டர்

ஆவடியைத் தாண்டி மூன்றாவது நிறுத்தம் நெமிலிச்சேரி. எங்கள் பக்கத்தில் தெருவுக்கு ஒருவராவது ஆவடியின் ஏதோ ஒரு மதிலுக்குள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராக இருப்பார். 1965-இல் முதல் விஜயந்தா டாங்கியை வெளியே ஓட்டிவந்த கனரக வாகனத் தொழிற்சாலை, ராணுவச் சீருடை தைக்கும் தொழிற்சாலை, டாங்கி ஆராய்ச்சி நிலையம், மத்திய ரிசர்வ் போலீஸ் முகாம், சிறப்புக் காவல்படை அணிகள் என்று படைக்கலத்தைச் சுற்றியே வளர்ந்த பகுதி இது. இவ்வளவு இருந்தும், ஒரு துப்பாக்கியை எடுத்து வைத்துக்கொண்டு இதை யார் செய்தார், எந்தச் சட்டத்தின் கீழ் இங்கே வந்தது, எந்தக் காட்டில் வெடித்தது என்று கேட்டுப் பேசும் பழக்கம் நம்மிடம் இல்லை. கோயில் மணியையும் பழைய கடிகாரத்தையும் அப்படிப் பேசுகிறோம். துப்பாக்கி மட்டும் சினிமாவிலும் குற்றச் செய்தியிலும் நின்றுவிட்டது.

நான் பேச வந்தது ஒரே ஒரு வகையைப் பற்றி. விசைக்குக் கீழே விரல்கள் நுழையும் வளையம் ஒன்று இருக்கும். அந்த வளையமே நெம்புகோல். அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் சுட்ட தோட்டாவின் கூடு வெளியே தெறிக்கும், அடுத்த தோட்டா குழலுக்குள் ஏறும், குதிரையும் பின்னால் இழுபட்டுத் தயாராக நிற்கும். லீவர் ஆக்‌ஷன் ரைஃபிள் என்று கடைக்காரரும் உரிமக்காரரும் சொல்வது இதைத்தான். தமிழர்களில் பெரும்பாலோர் இதை வெண்திரையில்தான் பார்த்திருப்பார்கள். 1939-இல் வந்த ‘ஸ்டேஜ்கோச்’ படத்தில் ஜான் வெய்ன் ஒற்றைக் கையால் சுழற்றிய துப்பாக்கி இந்த இனம். அந்தக் கௌபாய் உலகத்தை எம். கர்ணன் தமிழுக்குக் கொண்டுவந்தார். ஜெய்சங்கர் குதிரையேறி வந்த ‘கங்கா’, ‘ஜக்கம்மா’ இரண்டும் 1972-இல் வெளியாயின. அதே ஆண்டு செப்டம்பரில்தான் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. திரையில் துப்பாக்கி வீரன் புறப்பட்ட ஆண்டிலேயே காட்டில் வேட்டைக்காரனின் காலம் சட்டப்படி முடியத் தொடங்கியது. நான் திட்டமிட்டுத் தேடிக் கண்ட பொருத்தம் அல்ல இது. ஆண்டுகளை வரிசையாக எழுதிக்கொண்டு போனபோது இரண்டும் பக்கத்துப் பக்கத்து வரிகளில் வந்து நின்றன.

ஆனால் திரைக்கு வெகுகாலம் முன்பே, அசல் வின்செஸ்டர் ஒன்று தமிழ்நாட்டுக் காட்டில் உண்மையாகவே உழைத்துக்கொண்டிருந்தது. அதைத் தோளில் சுமந்தவர் கென்னத் ஆண்டர்சன்.

ஆண்டர்சன் 1910-இல் பிறந்தவர். ஸ்காட்லாந்து வழிவந்த குடும்பம். பெங்களூரில் பிஷப் காட்டன் பள்ளியில் படித்து, அங்கேயே வாழ்ந்து, விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்து, 1974-இல் மறைந்தார். ‘ஒன்பது ஆட்கொல்லிகளும் ஒரு மதயானையும்’ என்று தமிழில் சொல்லத்தக்க அவருடைய முதல் நூல் 1954-இல் வந்தது. அவர் நூல்களைத் திறந்தால் வரும் ஊர்ப்பெயர்கள் நமக்கு அந்நியமானவை அல்ல: ஜவளகிரி, அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, பென்னாகரம், ஒகேனக்கல், கெம்பகரை, சின்னாறு, நீலகிரிச் சரிவில் சீகூர். இன்று கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களாகப் பிரிந்திருக்கும் அன்றைய சேலம் மாவட்டத்தின் வடக்குக் காடுதான் அவருடைய நடைவெளி. கன்னடமும் தமிழும் பேசி, மாட்டுக்காரர்களோடும் பூசாரி என்று அழைக்கப்பட்ட காட்டு மக்களோடும் உட்கார்ந்து செய்தி கேட்டு நடந்தவர் அவர்.

அவர் கையிலிருந்தது .405 அளவுள்ள, வின்செஸ்டர் கம்பெனியின் 1895 மாடல். இந்தியப் புலி வேட்டை இலக்கியத்தில் இது ஒரு விதிவிலக்கு. ஆங்கிலேய அதிகாரிகளும் மகாராஜாக்களும் தூக்கியது லண்டனிலோ பர்மிங்காமிலோ கையால் இழைத்த இரட்டைக்குழல் ரைஃபிள். வேட்டைக்காரர் ஜிம் கார்பெட்டின் புகழ்பெற்ற ரிக்பி ரைஃபிள், 1907-இல் சம்பாவத் ஆட்கொல்லியைக் கொன்றதற்காக ஐக்கிய மாகாணத்தின் லெப்டினன்ட் கவர்னர் தந்த பரிசு. அது போல்ட் ஆக்‌ஷன், கைப்பிடியைத் திருகி இழுத்துத் தோட்டா ஏற்றும் வகை. ஆண்டர்சனுக்கு அரண்மனையும் இல்லை, பரிசளிக்கக் கவர்னரும் இல்லை. மாதச் சம்பளக்காரர் ஒருவர் வாங்கக்கூடிய, ஆபத்தான விலங்கை நிறுத்தக்கூடிய, தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் வார்த்தெடுத்த துப்பாக்கி ஒன்று அவருக்குத் தேவைப்பட்டது. அமெரிக்க நெம்புகோல் ரைஃபிள் அந்த இடத்தில் பொருந்தியது.

அந்த இயந்திரம் எப்படி வளர்ந்தது என்பதைக் கொஞ்சம் பார்த்தால்தான் 1895 மாடலின் அருமை புரியும்.

1860-இல் இருவர் ஏறக்குறைய ஒரே நேரத்தில் இந்த வழியைத் திறந்தார்கள். கிறிஸ்டோபர் ஸ்பென்சர் ஒருவர். நியூ ஹேவன் ஆர்ம்ஸ் கம்பெனியில் வேலை பார்த்த பெஞ்சமின் டைலர் ஹென்றி இன்னொருவர். அந்தக் கம்பெனியைத் தன் கைக்குள் கொண்டுவந்த ஆலிவர் வின்செஸ்டர் சட்டை தைத்து விற்றுப் பணம் சேர்த்தவர். சீருடைத் தொழிற்சாலையும் டாங்கித் தொழிற்சாலையும் அக்கம்பக்கத்தில் நிற்கும் ஆவடிப் பக்கத்துக்காரனுக்கு இந்தச் செய்தி மறக்காது. ஹென்றி ரைஃபிளில் பக்கவாட்டுத் துளை வைத்துத் தோட்டா நிரப்பும் வசதியைச் சேர்த்து 1866-இல் வந்தது முதல் வின்செஸ்டர். 1877-இல் பிளெவ்னா முற்றுகையில் ஒட்டோமான் படை இதை வைத்து ரஷ்யக் காலாட்படையைச் சிதறடித்தபோது, ஐரோப்பியத் தளபதிகள் தொடர்ந்து சுடும் துப்பாக்கியைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு 1873 மாடல். பிறகு ஜான் பிரௌனிங் என்னும் மேதை வடிவமைத்த 1886, 1892, 1894 மாடல்கள். இவற்றில் 1894 மாடல் மட்டும் 70 லட்சத்துக்கு மேல் விற்றது.

1873 முதலான இந்த மாடல்கள் எல்லாவற்றுக்கும் ஒரு குறை இருந்தது. தோட்டாக்கள் குழலுக்கு அடியில் ஓடும் நீண்ட குழாயில் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். முன்னால் இருக்கும் தோட்டாவின் பின்புற வெடிப்பொட்டில் பின்னால் இருப்பதன் மூக்கு முட்டிக்கொண்டே இருக்கும். மூக்கு கூராக இருந்தால் உதைப்பின் அதிர்ச்சியில் குழாய்க்குள்ளேயே வெடிக்கும் அபாயம் உண்டு. அதனால் மழுங்கிய மூக்குள்ள தோட்டாவைத்தான் போட வேண்டியிருந்தது. பிரௌனிங் 1895 மாடலில் குழாயை எடுத்துவிட்டு விசைக்கு முன்னால் ஒரு பெட்டியை வைத்தார். தோட்டாக்கள் அதில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கிடக்கும். நீளமான, கூரான, வலுவான தோட்டாவை இனி தயங்காமல் போடலாம்.

எங்கள் தெருவில் கனரக வாகனத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவர் ஒருவர் இருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை 1873 மாடலின் உள்ளமைப்புப் படத்தையும் 1895 மாடலின் படத்தையும் அவர் முன் வைத்தேன். துப்பாக்கியின் பெயரைக்கூட அவர் கேட்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் படத்தைப் பார்த்தார். “தம்பி, இது முழங்கால் மாதிரி. மடங்கினா திறக்குது, நிமிர்ந்தா பூட்டிக்குது. பின் தேஞ்சா ஆட்டம் குடுக்கும்” என்றார். இரண்டாவது படத்தில் விரலை வைத்து, “இங்க பாருங்க, பின்னாடி கட்டை ஒண்ணு கீழேருந்து ஏறி முட்டுக் குடுக்குது. உதை எல்லாம் இதுதான் வாங்கும். பெரிய தோட்டாவுக்கு இதுதான் சரி” என்றார். பிரௌனிங்கின் எண்ணத்தை அவர் இரண்டு நிமிடத்தில் படித்துவிட்டார். துப்பாக்கி சேகரிப்பவர்கள் இந்த மாடலை விரும்புவதற்கு முதல் காரணம் இதுதான்: நெம்புகோலைக் கீழே தள்ளும்போது பெட்டியும் பூட்டும் திறந்து, அத்தனை வேலையும் கண்ணுக்கு முன் நடக்கிறது. மறைவு எதுவும் இல்லாத இயந்திரம்.

.405 தோட்டா 1904-இல் வந்தது. 300 கிரெய்ன் எடை, அதாவது ஏறத்தாழ 19 கிராம் ஈயம். நொடிக்கு 2200 அடி வேகம். அமெரிக்க அதிபர் பதவியை விட்டிறங்கிய தியோடர் ரூஸ்வெல்ட் 1909-இல் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போனபோது சிங்கத்துக்கு இதையே நம்பி எடுத்துப் போனார். பெட்டியில் நான்கு, குழலில் ஒன்று என்று ஐந்து தோட்டா. கட்டையின் பின்முனையில் வளைந்த இரும்புத் தகடு இருந்ததால் சுட்டவரின் தோளைப் பலமாகவே இடிக்கும் என்று பெயர் வாங்கிய துப்பாக்கி. ஆனால் பரணில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு அது தரும் நன்மை வேறு எந்த வகையிலும் எளிதில் கிடைக்காது. போல்ட் ஆக்‌ஷனில் இரண்டாவது குண்டுக்குக் கை விசையை விட்டு மேலே போக வேண்டும். இதில் கன்னம் கட்டையை விட்டு விலகாமல், குறி கண்ணை விட்டு நகராமல், கை கீழே போய் மேலே வந்தால் போதும். இரவில், துப்பாக்கியில் மாட்டிய டார்ச் வெளிச்சத்தில், ஒரு புலி பாயும் நேரம் எவ்வளவு என்று எண்ணிப் பார்த்தால் அந்த அரை நொடியின் மதிப்பு தெரியும்.

இனி, ஆண்டர்சன் ஏன் .405 வாங்கினார் என்ற கேள்விக்கு விலையைவிட ஆழமான விடை ஒன்று இருக்கிறது. அது சட்டத்தில் இருக்கிறது. ஆய்வாளர்கள் மேலும் தோண்ட வேண்டிய இடம் இது என்பது என் எண்ணம்.

1857 கிளர்ச்சிக்குப் பிறகு ஆங்கிலேய அரசு இந்தியர் கையில் துப்பாக்கி இருப்பதைக் கண்டு அஞ்சியது. வைஸ்ராய் லிட்டன் காலத்தில் வந்த 1878 ஆயுதச் சட்டம் இந்தியருக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கி, ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் விலக்கு அளித்தது. நிற வேறுபாட்டின் மேல் கட்டிய சட்டம். உப்புச் சத்தியாகிரகத்துக்கு முன் 1930-இல் காந்தி வைத்த பதினொரு கோரிக்கைகளில் தற்காப்புக்கான துப்பாக்கி உரிமமும் ஒன்று என்பதை இன்று பலர் மறந்துவிட்டோம். ஆளை மட்டுமல்ல, தோட்டாவின் அளவையும் அரசு கண்காணித்தது. படையிடமிருந்து களவு போகும் தோட்டா வெளியே உள்ள துப்பாக்கியில் பொருந்திவிடக் கூடாது, களவு போன துப்பாக்கிக்கு வெளியே தோட்டா கிடைத்துவிடவும் கூடாது என்பதே கணக்கு. படையின் பழைய மார்ட்டினி ஹென்றி ரைஃபிள்கள் கலகக்காரர்கள் கையில் இருக்கின்றன என்ற அச்சத்தால் .450 அளவை 1907-இல் இந்தியாவிலும் சூடானிலும் தடுத்தார்கள். உடனே பிரிட்டிஷ் துப்பாக்கிக்காரர்கள் .470, .465, .475 என்று புதிய அளவுகளைச் செய்து சந்தைக்கு அனுப்பினார்கள். யானை வேட்டை நூல்களில் பெருமையோடு பேசப்படும் இந்த அளவுகள் பிறந்தது விலங்கின் தோலை அளந்து அல்ல, ஓர் அரசாணையைத் தாண்டுவதற்காக.

இந்தக் கண்ணாடி வழியாக 1895 மாடலைப் பாருங்கள். அதே துப்பாக்கியை வின்செஸ்டர் பல அளவுகளில் செய்தது. பிரிட்டிஷ் ராணுவத்தின் .303 அளவிலும் செய்தது. முதல் உலகப் போரில் ரஷ்யாவின் 7.62 அளவில் செய்து 1915 முதல் 1917 வரை 2.9 லட்சத்துக்கு மேல் ஜார் படைக்கு அனுப்பியது. மொத்த உற்பத்தி 4.25 லட்சம் அளவில்தான் என்றால், இந்த வேட்டைத் துப்பாக்கிகளில் மூன்றில் இரண்டு போருக்குப் போயின என்று பொருள். இன்றைய இந்தியச் சட்டத்தில் ராணுவத் தோட்டா பொருந்தும் துளையளவு எல்லாம் தடைசெய்யப்பட்டது. .303 வின்செஸ்டர் ஒருவரிடம் இருந்தால் அது தடைப்பட்ட ஆயுதம். எந்தப் படையும் பயன்படுத்தாத .405 மட்டும் அந்த வலைக்கு வெளியே நிற்கிறது. ஒரே மரம், ஒரே இரும்பு, ஒரே பூட்டு. துளையின் அகலத்தில் மில்லிமீட்டர் கணக்கில் வேறுபாடு. ஒன்று குடிமகனின் பொருள், மற்றது குற்றத்தின் பொருள். இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலை பொதுமக்களுக்காகச் செய்யும் .315 ரைஃபிளும் இதே வழியில் வந்ததுதான். அதன் உடல் லீ என்ஃபீல்டு படைத் துப்பாக்கியின் மரபு. தோட்டா மட்டும் நம் படையினருடையது அல்ல. நூறாண்டுக்கு முன் ஒரு பேரரசு அஞ்சிய அச்சம் இன்றும் நம் உரிமப் புத்தகத்தில் எண்களாக வாழ்கிறது.

ஆண்டர்சனின் கதைகளில் இன்னொரு துப்பாக்கியும் வருகிறது. சின்னாற்றங்கரையில் அவருக்கு நண்பரான பைரா என்ற பூசாரி வைத்திருந்த நாட்டுத் துப்பாக்கி. முனை வழியே மருந்தைக் கொட்டி, துணியும் குண்டும் வைத்துக் கோலால் கெட்டித்துச் சுடுவது. ஒரு முறை சுட்டால் மறுமுறைக்கு ஒரு நிமிடமாவது வேண்டும். உப்புத் தரையில் மானுக்காகக் காத்திருந்த பைராவின் ஒரு குண்டும் ஆண்டர்சனின் ஐந்து குண்டும் ஒரே காட்டில், ஒரே இரவில் இருந்தன. திறமையில் பைரா குறைந்தவர் இல்லை என்று ஆண்டர்சனே ஒவ்வொரு பக்கத்திலும் காட்டுகிறார். காட்டை அவருக்குக் கற்றுக்கொடுத்தவர்களில் பைரா ஒருவர். ஆயினும் ஒருவர் வேட்டைக்காரர், மற்றவர் திருட்டு வேட்டைக்காரர். இதை எழுதும்போது எனக்கு ஆவடி நரிக்குறவர் குடியிருப்பு நினைவுக்கு வருகிறது. கெட்டித்துச் சுடும் துப்பாக்கியோடு ஏரிக்கரைகளில் கொக்கும் காடையும் தேடி நடந்த தலைமுறையின் பேரப்பிள்ளைகள் இன்று பாசிமணி கோர்க்கிறார்கள், பள்ளிக்குப் போகிறார்கள். பழங்குடிப் பட்டியலில் அவர்களைச் சேர்க்கும் சட்டம் 2023-இன் தொடக்கத்தில்தான் நடைமுறைக்கு வந்தது. இந்த நாட்டில் வேட்டைத் துப்பாக்கியின் வரலாற்றை எழுதுகிறவர் வின்செஸ்டரை மட்டும் எழுதினால் பாதியைத்தான் எழுதியவராவார்.

வேட்டை திரும்ப வர வேண்டும் என்ற எண்ணம் எனக்கு ஒரு துளியும் இல்லை. ஆண்டர்சனைப் படித்தவர்கள் அறிவார்கள்: அவர் சொல்லும் ஆட்கொல்லிகளில் பல, மனிதன் சுட்ட குண்டின் புண்ணோடு அலைந்தவை. ஜவளகிரிப் பெண்புலி தன் இணையை மனிதர் துப்பாக்கிக்கு இழந்த பின் ஊர்களைத் தாக்கத் தொடங்கியது. ஆண்புலியின் குரலை எழுப்பி அதைத் தன் குழலின் முன் வரவழைத்ததை ஆண்டர்சன் எழுதியிருக்கிறார். வெற்றியின் மகிழ்ச்சி அந்தப் பக்கங்களில் இல்லை. 1972 சட்டம் புலியைக் காத்தது, 1991 திருத்தம் வேட்டை உரிமத்தின் மிச்சமிருந்த கதவுகளையும் மூடியது. இரண்டும் சரி. அவர் நடந்த காட்டில் 2014-இல் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயமும், 2022-இல் 686 சதுர கிலோமீட்டரில் காவிரி தெற்குச் சரணாலயமும் வந்தன. அஞ்செட்டியிலும் ஜவளகிரியிலும் இன்று யானை அஞ்சாமல் நடக்கிறது என்றால் அதற்கு இந்தச் சட்டங்களே காரணம்.

அப்படியானால் இந்தத் துப்பாக்கியை இன்று ரசிப்பது, சேகரிப்பது என்பதற்கு என்ன பொருள்?

அமெரிக்காவில் விடை எளிது. அங்கே ஒருவர் இருபது வின்செஸ்டர்களைச் சுவரில் மாட்டலாம், சனிக்கிழமை எடுத்துப்போய்ச் சுடலாம். .405 தோட்டா நடுவில் அருகிப்போய், 2000-களின் தொடக்கத்தில் மறுபடி உற்பத்திக்கு வந்தது. 1895 மாடலையே ஜப்பானின் மிரோக்கு தொழிற்சாலை வின்செஸ்டர் பெயரில் புதிதாகச் செய்கிறது. நியூ ஹேவனில் இருந்த பழைய வின்செஸ்டர் ஆலை 2006-இல் மூடப்பட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இந்தியாவில் நிலை வேறு. சாதாரணக் குடிமகன் வெளிநாட்டுத் துப்பாக்கியை இறக்குமதி செய்வதை 1980-களின் நடுவில் அரசு நிறுத்தியது. அதன் பிறகு உள்ளே இருந்தது மட்டுமே இருப்பு. உரிமமில்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். ஆகவே இந்தியாவில் மிஞ்சியிருக்கும் .405-க்குத் தோட்டா கிடைப்பது அரிதிலும் அரிது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் மூன்றுக்குப் பதில் இரண்டு துப்பாக்கிகளையே வைத்திருக்க முடியும். தாத்தாவிடமிருந்து வருவதற்கும் இதே வரம்பு. உரிமத்துக்குத் தேசியத் தரவுத்தளத்தில் தனி அடையாள எண் வேண்டும். எங்கள் பகுதிக்காரர் என்றால் 2022 முதல் ஆவடி மாநகரக் காவல் ஆணையரகத்தின் படியேற வேண்டும். ஒவ்வொரு தேர்தலுக்கும் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். சட்டம் கடுமையாக இருக்க வேண்டும் என்பதே என் கருத்தும். ஆனால் இத்தனைக்கும் நடுவில், நூறு வயதுத் துப்பாக்கியை வைத்திருப்பது சுமை என்று வாரிசு நினைப்பதில் வியப்பில்லை. உரிமையாளர் இறந்ததும் அது காவல் நிலையத்துக்கோ ஆயுதக் கடையின் பின்னறைக்கோ போகிறது. அங்கே துருவோடு அதன் கதையும் அழிகிறது.

இந்தியச் சேகரிப்பாளரின் வேலை அந்தக் கதையைக் காப்பதில்தான் இருக்க வேண்டும். சுடும் சுகம் இரண்டாம்பட்சம். ஒவ்வொரு வின்செஸ்டரின் உடலிலும் ஒரு தொடர் எண் உண்டு. அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் கோடி என்ற ஊரில் உள்ள துப்பாக்கி அருங்காட்சியகம் அந்தக் கம்பெனியின் பழைய தொழிற்சாலைப் பதிவேடுகளை வைத்திருக்கிறது. பதிவேடு எட்டும் எண் என்றால், கட்டணம் செலுத்துபவருக்கு அந்தத் துப்பாக்கி எந்த நாளில் ஆலையை விட்டுப் புறப்பட்டது, எந்தத் துளையளவில், எவ்வளவு நீளக் குழலோடு என்று கடிதம் தருகிறார்கள். 1895 மாடலில் முதல் ஐயாயிரம் அளவு துப்பாக்கிகளின் பக்கவாட்டு இரும்பு தட்டையாக இருக்கும். பிறகு வந்தவற்றில் மேடு பள்ளம் வைத்து இழைத்தார்கள். சேகரிப்பாளர் கண் முதலில் அங்கேதான் போகும். பிறகு குழலின் மேல் விற்றவர் பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அண்ணா சாலையில் கடிகாரக் கடையாக நாம் அறியும் பி. ஆர் அண்ட் சன்ஸ், அந்தக் காலத்தில் சென்னையிலும் ரங்கூனிலும் வேட்டைத் துப்பாக்கியும் விற்றது. அதன் பெயர் பொறித்த ரைஃபிள்கள் வெளிநாட்டு ஏலங்களில் இன்றும் வருகின்றன. நம் ஊர்க் கடையின் முத்திரையை லண்டன் ஏலக்காரர் படித்துச் சொல்ல, நாம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் நிலை எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

பழைய துப்பாக்கி கைக்கு வந்தால் செய்யக்கூடாதது ஒன்று உண்டு: பளபளப்பாக்குவது. நீலம் பூசிய இரும்பு பழுப்பேறியிருந்தால் அது அதன் வயது. தேய்த்தால் எழுத்தும் போகும், மதிப்பும் போகும். எண்ணெய் தொட்ட துணி போதும். தோலுறைக்குள் மூடி வைக்கவே கூடாது. சென்னைக் காற்றின் ஈரத்தைத் தோல் உறிஞ்சி இரும்புக்குக் கொடுக்கும். அந்தக் காலத் தோட்டாவின் வெடிப்பொட்டில் உப்பு இருந்தது. சுட்டபின் குழலில் கொதிநீர் ஊற்றிக் கழுவாதவர்களின் துப்பாக்கிகள்தான் இன்று உள்ளே அம்மைத் தழும்போடு கிடக்கின்றன. அப்படிப்பட்ட குழலில் தோட்டா கிடைத்தாலும் போட்டுப் பார்க்க வேண்டாம்.

2020-இல் மத்திய அரசு அரும்பொருள் வகைச் சிறு துப்பாக்கிகளை வைத்திருக்க உரிமம் தேவையில்லை என்றும், பயன்படுத்தவும் எடுத்துச் செல்லவும் மட்டும் வேண்டும் என்றும் விதியை மாற்றியது. நல்ல மாற்றம். ஆனால் எது அரும்பொருள் என்று ஓர் ஊரில் யார் சொல்வது? எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் தஞ்சை அரண்மனை ஆயுதக் கிடங்கிலிருந்து வந்த வாளும் துப்பாக்கியும் இருக்கின்றன. மன்னர்களின் ஆயுதத்தைக் காத்த அந்த நிறுவனம், இருபதாம் நூற்றாண்டின் வேட்டைத் துப்பாக்கியையும், ஓசூர் வனக்கோட்டத்துக் கிராமத்தார் வனத்துறையிடம் ஒப்படைக்கும் நாட்டுத் துப்பாக்கிகளில் சிலவற்றையும் வாங்கி, செயலிழக்கச் செய்து, யார் வைத்திருந்தது என்ற குறிப்போடு ஒரே அலமாரியில் வைக்க வேண்டும். பைராவின் துப்பாக்கியும் ஆண்டர்சனின் துப்பாக்கியும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால்தான் அந்தக் காட்டின் வரலாறு முழுமையாகத் தெரியும்.

இதைப் படிக்கும் யாருடைய வீட்டிலாவது, உறவினர் வீட்டிலாவது உரிமத்தோடு இருக்கும் பழைய ரைஃபிள் ஒன்று ஒப்படைப்புக்குக் காத்திருந்தால், அதைக் கொடுக்கும் முன் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். தொடர் எண்ணையும் குழலில் உள்ள எழுத்துகளையும் படமெடுங்கள். பழைய உரிமப் புத்தகத்தின் எல்லாப் பக்கங்களையும் நகலெடுங்கள். தாத்தா எந்தக் காட்டுக்குப் போனார், யார் வழிகாட்டினார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, வழிகாட்டியவரின் பெயரையும் மறக்காமல் எழுதி, அருங்காட்சியகத்துக்கு ஒரு கடிதத்தோடு அனுப்புங்கள்.